வறுத்த மண்

இது நடந்தது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்திலா பதினொன்றிலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பூ வெளிறிய மஞ்சள் நிறம் என்று நினைவு. ஆனால் அதை நான் கண்ணால் பார்த்தேனா, தாணு சொல்லச் சொல்ல என் மனமே தீட்டிக்கொண்டதா என்று தெரியாது. தாணு ஒரே சங்கதியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வான். மாறாமல் சொன்னவை சில உண்டு. அவற்றை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தாணுவும் அழகியநம்பியும் சுசீந்திரத்தில் ஒரே தெருக்காரர்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் ஹெர்பேரியத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். செடிகளைப் பிடுங்கி வந்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே விரித்து, பலகை வைத்து அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் தைத்து, பெயர் எழுதி அலமாரியில் அடுக்குகிற வேலை. தைப்பது தாணு. பெயர் எழுதுவது அழகியநம்பி. தைக்கிறவன் தைத்துக்கொண்டே இருப்பான். எழுதுகிறவன் என்றாவது ஒருநாள் மேலே போவான். அது இரண்டு பேருக்குமே தெரியும். பேசிக்கொண்டதில்லை.

ஒரு கார்த்திகை மாதம் இருவரும் செடி சேகரிக்கக் கல்லாற்றுக்குப் போனார்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆற்றின் மேல்கரையில் ஒரு சரிவுப் பாறையில் உட்கார்ந்து, தாணு காலில் ஏறிய அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். திடீரென்று அழகியநம்பி கத்தினான்.

"அசையாதேயும் வே!"

தாணு சுண்ணாம்பு விரலை அப்படியே தூக்கிப் பிடித்தான். "பாம்பா?"

"பாம்பில்ல. மெள்ள எந்திரியும். காலை அந்தப் பக்கம் ஊணாதேயும். மெள்ள."

எழுந்து திரும்பிப் பார்த்தால், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் நாலைந்து சிறு செடிகள் நசுங்கிக் கிடந்தன. சுற்றிலும் பாறை வெடிப்பில் இன்னும் ஒரு முப்பது நின்றன. நாலு விரல் உயரம். தண்டுக்கு ஒரே ஒரு பூ. சூரியகாந்திக் குடும்பத்துப் பூ. ஒரு பூவென்று நாம் பார்ப்பது நாற்பது ஐம்பது பொடிப் பூக்கள் ஒரு கிண்ணத்துக்குள் நெருங்கி நிற்பதுதான். அழகியநம்பி முழங்காலிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தவன், ஒரு நாழிகை நேரம் எழவில்லை.

"முயல்செவி மாதிரி இருக்கு. ஆனா முயல்செவி இல்ல வே. அதுக்கு இலை தண்டைக் கட்டிப் பிடிக்கும், ரெண்டு பக்கமும் காது மாதிரி. இதுக்குக் காதே இல்ல. அது பூ ரோஸ். இது மஞ்சள். இது புதுசு. பேரில்லாதது."

முற்றியிருந்த பூக்களிலிருந்து விதைகளை, மேலே வெள்ளை மயிர்க் குச்சம் பறந்துவிடாதபடி, ஒரு தாளில் பொதிந்தான். "இந்தச் சாதி விதைக்கு ஆயுசு கம்மி. மழைக்காத்துப் பட்டா ரெண்டு மாசம். அதுக்குமேல வெறும் பதருதான்" என்று தாணுவிடம் சொன்னான். மடித்த தாளின் மேல் இடமும் நாளும் எழுதினான்.

திரும்பி வந்து அவன் செய்த முதல் காரியம், நடந்ததை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்ததுதான். அதில் விஷம் இல்லை. சந்தோஷத்தில் சொன்னான். "நான் பதினஞ்சு வருஷமா தேடுனதுக்கு மேல தாணு குண்டி வச்சு இருந்தாரு பாத்துக்கிடுங்க!" டைப்பிஸ்ட் பட்டாபி அதைப் பிடித்துக்கொண்டான். "அப்போ தாணு அடைகாத்த பூன்னு சொல்லுங்கோ. ஏன் தாணு, குஞ்சு பொரிச்சுதா?" அன்றிலிருந்து தாணு நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் பட்டாபி கோழி மாதிரி கொக்கரித்தான். வாசல்காவல்காரன்கூட, "தாணுப்பிள்ளே, அடயிரிக்கான் போவாணோ?", அடைகாக்கவா போகிறீர், என்று மலையாளத்தில் கேட்டான். அழகியநம்பி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்தான். தாணுவும் கூடச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது?

புரொபசர் சுந்தரராமன் கரமனை அக்கிரகாரத்துக்காரர். படிப்பாளி. அடுத்தவன் பிசகை மெல்ல மெல்ல ருசித்துச் சாப்பிடுகிறவர். காய்ந்த செடியை லென்ஸில் பார்த்தார். கீழே வைத்தார்.

"அழகியநம்பி, இது பாறையில பட்டினி கிடந்த முயல்செவி. பட்டினி கிடந்தா மனுஷனுக்கே ரூபம் மாறிடறது. நீர் புதுசுங்கறீர். சரி, வளர்த்துக் காட்டும். நல்ல மண், வேளாவேளைக்கு ஜலம். பட்டினி தீர்ந்தும் இதே ரூபத்துல நின்னா, சீமைக்கு நானே அனுப்பறேன், உம்ம பேரோட. காது முளைச்சுதுன்னா காலேஜ் அசோசியேஷன் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் ஏறி நின்னு, நான் சொன்னது பிசகுன்னு நீரே வாசிக்கணும். சம்மதமா?"

இதற்கு முன் இரண்டு பேர் அப்படி வாசித்திருக்கிறார்கள். ஒருவர் மறுநாளே ஊரைவிட்டுப் போனார்.

"சம்மதம் சார்" என்றான் அழகியநம்பி.

மார்கழி வந்தது. திருவாதிரைக்குத் தலையில் சூடப் பத்துப் பூ வேண்டுமென்று மலையாளத்துப் பெண்கள் கல்லூரி மதிலோரம் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பத்தில் ஒன்று முயல்செவி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தாணுவுக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு செடிக்கும் விதை ஒன்றுபோல. பழுப்பு நிறம், மேலே வெள்ளைக் குச்சம். லென்ஸ் வைத்தாலும் பிரிக்க முடியாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மதிலோரத்து முயல்செவியில் ஒரு கைப்பிடி விதை உருவி வந்தான். அழகியநம்பியின் மேசை இழுப்பைத் திறந்து, அவன் கையெழுத்திருந்த தாளைப் பிரித்து, உள்ளே இருந்ததை வேறு தாளில் கொட்டி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். மதிலோரத்து விதையை அதில் வைத்து, அதே மடிப்பில் மடித்தான்.

ஒரு வாரம், பத்து நாள். முளை வந்ததும் அழகியநம்பி ஆடுவான். அப்போது எல்லோர் முன்னாலும் கொக்கரித்துவிட்டு, "நீரு அடைகாத்தது எது தெரியுமா வே?" என்று கேட்டு, நிஜ விதையைக் கையில் கொடுப்பது. அவ்வளவுதான் திட்டம். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை என்று தாணு சொல்வான். இது மாறாமல் சொன்னவற்றில் ஒன்று.

கரமனை ஆற்றுக்கு அருகே அழகியநம்பி ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, மனைவி மங்கலத்துடன் இருந்தான். கல்யாணமாகி மூன்று வருஷம். மண்ணில் வேறு விதை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக, ஆறு சட்டிக்கு வேண்டிய மண்ணையும் வறுக்கச் சொன்னான். அவள் கொல்லையில் அடுப்பு மூட்டி, இரும்புச்சட்டியில் மூன்று நாள் மண் வறுத்தாள். பக்கத்து வீட்டு எலிசாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏ மங்கலம், என்னத்தட்டி வறுக்கா? மண்ணையா? வீட்டுல பயறு இல்லைன்னா எங்கிட்ட கேக்கப்பிடாதா!"

"அவுகளுக்குத்தான் மதினி. உப்புப் போடணுமான்னு கேட்டுச் சொல்லுதேன்."

விதைத்தபின் காற்றில் எதுவும் பறந்து விழாமலிருக்க, வீட்டிலிருந்த ஒரே கொசுவலையை ஆறு சட்டிகளுக்கும் மேலே கட்டினான். புருஷனும் பெண்டாட்டியும் கொசுக்கடியில் படுத்தார்கள்.

தாணுவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேதான் சாப்பாடு. இரண்டாவது ஞாயிறு முளை வந்திருந்தது. அழகியநம்பி அவனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். தாணு தொண்டையைச் செருமினான். கொக்கரிக்க வேண்டியதுதான். நிஜ விதை சட்டைப் பைக்குள் இருந்தது. அந்த நேரத்தில் அழகியநம்பி மனைவியைக் கூப்பிட்டு, "எட்டி, இவரு எப்பிடி இருந்தாரு தெரியுமா? இந்தா, இப்பிடி!" என்று குந்தி உட்கார்ந்து, அட்டைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல நடித்துக் காட்டினான். மங்கலம் வாயைப் பொத்திச் சிரித்தாள். தாணு கொக்கரிக்கவில்லை. இன்னொரு வாரம் போகட்டும் என்று நினைத்தான்.

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். ஒரு விளையாட்டைச் சொல்லிச் சிரிப்பதற்கு ஒரு நேரம் உண்டு. அது கடந்துபோனால் அதற்கு வேறு பெயர். அது எந்த ஞாயிறு கடந்தது என்று தாணுவால் பிற்பாடு சொல்ல முடியவில்லை.

மாசி பிறந்தபோது தண்டில் இலைகள் ஏறின. ஒவ்வொரு இலையும் இரண்டு காதுகளோடு தண்டைக் கட்டிப் பிடித்திருந்தது. அழகியநம்பி அதைப் பற்றிப் பேசவில்லை. அலுவலகத்தில் யாரோடும் பேசவில்லை. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு தாணு சாப்பிட உட்கார்ந்தபோது, ஆறு சட்டியிலும் பூ விரிந்திருந்தது. ரோஸ்.

அழகியநம்பி இலை முன்னால் உட்காரவில்லை. அடுக்களை நிலைப்படியில் கையூன்றி நின்றான். குரலை உயர்த்தாத ஆள். அன்றும் உயர்த்தவில்லை.

"விதை நான் எடுத்தது. நான் பொதிஞ்சது. மேல என் கையெழுத்து. விதைச்சது நான். வலைக்குள்ள ஒரு ஈ நுழையல. மிச்சம் என்ன இருக்கு? மண்ணு. அது உன் கை."

"நல்லாத்தான் வறுத்தேன்" என்றாள் மங்கலம்.

"ஆறாவது சட்டிக்கு மண்ணு தெகைஞ்சுதா?"

"தெகைஞ்சுது."

"கெணத்தடி மண்ணை அள்ளிக் கலந்தியா?"

"நம்ம சுசீந்திரம் தாணுமாலய சாமி சத்தியமா இல்ல. இந்தா பாருங்க." அவள் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டுக்குக் கீழே இரும்புச்சட்டி பட்டுப் பொள்ளி ஆறிய தழும்பு. அவன் அதைப் பார்த்தான். "பொள்ளினதுல கை ஓஞ்சுபோய்தான் கலந்திருக்க" என்றான்.

தாணுவின் இலையில் சோறு பாதி இருந்தது. மங்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ரசம் விடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

தாணு தலையை ஆட்டினான். ரசத்தை விட்டுச் சாப்பிட்டான். மோரும் விட்டுச் சாப்பிட்டான். இதையும் அவன் மாற்றிச் சொன்னதில்லை.

பங்குனியில் அசோசியேஷன் கூடியது. மாணவர்கள், வாத்தியார்கள், நூறு பேருக்குக் குறையாது. அழகியநம்பி இரவல் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். சட்டியைத் தூக்கிக் காட்ட ஆள் வேண்டுமென்று புரொபசர் தாணுவை ஏற்றியிருந்தார். தாணு ரோஸ் பூச் சட்டியை நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடித்து நின்றான். முன்வரிசையில் பட்டாபி யாருக்கும் கேட்காதபடி கொக்கரித்துவிட்டுக் கண்ணடித்தான்.

அழகியநம்பி வாசித்தான். நான் புதிய செடி என்று கருதியது மதிலோரத்து முயல்செவியே. என் அறியாமையால் இத்தனை பேருடைய நேரம் வீணாயிற்று. வாசித்துத் தாளை மடித்தான்.

"பின்னாடி இருக்கறவாளுக்குக் கேக்கல்லே" என்றார் சுந்தரராமன்.

மறுபடி வாசித்தான்.

"அறியாமைங்கற இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா. பையன்கள் தெரிஞ்சுக்கணுமோல்லியோ?"

மூன்றாம் முறை வாசித்தபோது மாணவர்கள் அந்தச் சொல்லை அவனோடு சேர்ந்தே சொன்னார்கள். கைதட்டினார்கள். சட்டி கனத்தது என்பதைத் தவிர அப்போது எதுவும் தோன்றவில்லை என்று தாணு சொல்வான். பிறகு புரொபசர், கல்லாற்றுச் செடியின் தாளைக் கொண்டுவரச் சொல்லி, அதில் முயல்செவி என்று அழகியநம்பி கையாலேயே எழுதவைத்து, முயல்செவிக் கட்டுக்குள் வைக்கச் சொன்னார். எப்போதும்போல அழகான எழுத்து.

சபையில் தன் பிசகு என்று வாசித்தான். வீட்டில் அது அவள் பிசகாகவே இருந்தது. அவளோடு பேசுவதில்லை. அவள் போட்ட சோற்றை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் உட்கார்ந்து தின்றான். எலிசாள் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, இப்போது எதுவும் சொல்லி வம்பு செய்வதில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தாணு பொதியைப் பையில் வைத்துக்கொண்டு போனான். சாயங்காலம். அழகியநம்பி கொல்லையில் காலிச் சட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மங்கலம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இருவரும் இருக்கும்போது சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். சொன்னான். மதிலோரம், இழுப்பு, மடிப்பு, எல்லாம். பொதியை எடுத்து நீட்டினான். "இதுதான் உம்ம விதை."

அழகியநம்பி பொதியை வாங்கவில்லை. பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. மார்கழிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை.

"நீரா?"

"நான்தான் வே."

"நீரு மாத்தினீரா? மதிலோரம் நிக்கிறது முயல்செவின்னு கண்டுபிடிச்சு, விதையும் ஒண்ணுபோல இருக்கும்னு தெரிஞ்சு? வே, பூ மேலயே உக்காந்தும் தெரியாத ஆளு வே நீரு!"

"சத்தியமா நான்..."

"விடும். உமக்கு நல்ல மனசு. எனக்குத் தெரியும்." அவன் எழுந்து தாணுவின் தோளைத் தட்டினான். தட்டிய கை அங்கேயே நின்றது. மெல்ல மங்கலத்தின் பக்கம் திரும்பினான். "எட்டி, நீ இவருகிட்ட போய் அழுதியா?"

"நான் எங்கேயும் போகல்ல."

"அழாமத்தான் இவரு இல்லாத பழியைத் தலையில ஏத்திக்கிட்டு வாறாரா? எத்தனை நாளா இந்தப் பேச்சு? நான் ஆபீசுல இருக்கிற நேரத்துலயா?"

தாணு என்னென்னவோ சொன்னான். சொல்லச் சொல்ல அழகியநம்பியின் முகம் மூடிக்கொண்டே போயிற்று. இவ்வளவு பதறுகிறானே, எதற்காக இவளுக்காக இவ்வளவு பதறுகிறான் என்று அந்த முகம் கணக்குப் போடுவது தாணுவுக்கே தெரிந்தது. ஒரு கட்டத்தில் அழகியநம்பி உள்ளே போனான்.

கொல்லையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மங்கலம் கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள்.

"எந்தக் கிழமை மாத்துனீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"அந்த ஞாயித்துக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொகையலும் வச்சேன். ரெண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்னீங்க."

தாணு பொதியைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நின்றான்.

"நான் நம்புதேன் அண்ணாச்சி. நீங்க செஞ்சிருப்பீங்க." கையை நீட்டினாள். "அதைக் குடுங்க. இனிமே இங்க சாப்பிட வராதீங்க."

அவள் மறுபடியும் மண் வறுத்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. இரண்டு சட்டி. வலையைத் தானே கட்டினாள். விதையை மண்ணுக்கு மேலே தூவி, துணியை நனைத்துப் பிழிந்து சொட்டுச் சொட்டாக ஈரம் காட்டினாள். மஞ்சள் பூ ஒன்று வந்தால் போதும். அவள் கை சுத்தம் என்று ஆகிவிடும். அழகியநம்பி அந்தச் சட்டிகளின் பக்கம் திரும்பவில்லை. எலிசாள் தினமும் வேலியோரம் வந்து, "ஏதாவது தெரியுதா?" என்று கேட்பாள். "இல்ல மதினி" என்பாள் இவள்.

விதை கையில் வந்தபோதே அதற்கு நாலு மாத வயது. தாணுவின் சட்டைப் பையிலும் தகரப்பெட்டியிலும் கிடந்து ஈரக்காற்றுக் குடித்த விதை. நாற்பத்தொரு நாள் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் வலையை அவிழ்த்துத் துவைத்து மடித்துவைத்தாள்.

கார்த்திகையில் கல்லாற்றுக்குப் போயிருந்தால், அதே பாறையில் அந்தப் பூ நின்றிருக்கலாம். பஸ்ஸில் அரைநாள் தூரம். தாணு போகவில்லை. அதற்குள் பெயர் எழுதுகிற மேசை அவனுக்கு வந்திருந்தது. பாறையில் பூ இல்லாவிட்டால் வெறும் அலைச்சல். இருந்துவிட்டால் அதைக் கொண்டுபோய் யாரிடம், என்ன சொல்லிக் கொடுப்பது? அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று இருந்து, பிறகு அந்தப் பக்கமே சேகரிப்புக்குப் பேர் கொடுக்காமல் இருந்துவிட்டான்.

அழகியநம்பி அந்த ஆனியிலேயே வேலையை விட்டான். மங்கலத்தைப் பூதப்பாண்டியில் அவள் தமையன் வீட்டில் கொண்டுபோய் விட்டான்; திரும்ப அழைக்கவில்லை. நெடுமங்காட்டில் ஒரு மலைச்சரக்குக் கடையில் மூட்டைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். எட்டு வருஷம் கழித்து வாந்திபேதியில் இறந்தான். மங்கலம் தமையன் வீட்டில் சமையல் செய்துகொண்டு இருக்கிறாள். புரொபசர் சுந்தரராமன் ஓய்வுபெற்றுக் கரமனையில் சௌக்கியமாக இருக்கிறார். பட்டாபி கோட்டயத்துக்கு மாற்றலாகிப் போனான். எலிசாள் விழிஞ்ஞத்தில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே காலமானாள். தாணு ஹெர்பேரியத்தில் பெயர் எழுதுகிறான்.